ஃபிராங்கலின் கடைசிப் பருவம்: தூரம், தரை, பொலிக்கட்டணம்

பிரிட்டனின் பந்தயக் குதிரை ஃபிராங்கல் ஓடிய பந்தயங்கள் 14, வென்றவையும் 14. அத்தனைக்கும் சேர்த்து வந்த பரிசுப் பணம் 30 லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2013 பிப்ரவரியில் பொலிக்குதிரையாக, அதாவது இனவிருத்திக்கான ஆண்குதிரையாக, வேலை தொடங்கியபோது ஒரு பெட்டைக்கு வைத்த கட்டணம் 1.25 லட்சம் பவுண்டு. முதல் பருவத்தில் வந்த பெட்டைகள் சுமார் 130. பெருக்கினால் 1.6 கோடி பவுண்டுக்கு மேல். உரிமையாளரின் சொந்தப் பெட்டைகளையும் சினை பிடிக்காதவற்றையும் கழித்தாலும், மூன்று வருடம் ஓடிச் சம்பாதித்ததைப் போலப் பல மடங்கு ஐந்தே மாதத்தில் வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அதன் 2012 பருவத்தைப் பார்த்தால், ஒவ்வொரு பந்தயமும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்பது விளங்கும். சாம்பியன் குதிரை அடுத்து எங்கே ஓடும் என்பதில் ரசிகருக்கு இருக்கும் அக்கறை ஒன்று, பண்ணைக்காரருக்கு இருக்கும் அக்கறை வேறொன்று. தோற்றால் போவது ஒரு பந்தயம் மட்டும் இல்லை. பொலிக்குதிரை விளம்பரத்தில் 'தோல்வியே காணாத' என்ற சொல்லும் போய்விடும். தோல்வி அனேகமாக எதிரியிடமிருந்து வராது என்று 2012 கோடைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பயம் இரண்டுதான்: தூரம், தரை.

தூரம்

முதலில் வம்சாவளி. தந்தை கலிலியோ, 2001-ல் இங்கிலாந்து டெர்பி, அயர்லாந்து டெர்பி, கிங் ஜார்ஜ் என்ற மூன்று பந்தயங்களையும் வென்றது. எல்லாம் 2,400 மீட்டர். தாய் கைண்ட் அதற்கு நேர் எதிர், ஐந்தாறு ஃபர்லாங்கில் பாயும் குதிரை. (ஒரு ஃபர்லாங் ஏறக்குறைய 201 மீட்டர், எட்டு சேர்ந்தால் ஒரு மைல்.) கைண்டின் தந்தை டேன்ஹில். கலிலியோவின் தாங்கும் சக்தியோடு டேன்ஹில் பெட்டைகளின் வேகம் சேர்ந்தால் நல்ல குட்டி வரும் என்பது அப்போதே நிரூபணமான சேர்க்கை.

ஆனால் குட்டிக்கு எதில் எவ்வளவு வந்திருக்கிறது என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஃபிராங்கலின் முதல் 12 பந்தயங்களும் ஏழு, எட்டு ஃபர்லாங்தான். 2011 ஏப்ரல் 30 அன்று நியூமார்க்கெட்டில் 2000 கினீஸ் என்ற ஒரு மைல் பந்தயத்தில் கேட் திறந்ததும் தனியாகப் பிய்த்துக்கொண்டு போய், ஆறு லெங்த்தில் ஜெயித்தது. லெங்த் என்பது மூக்கு முதல் வால்வரை ஒரு குதிரை நீளம், சுமாராக 2.4 மீட்டர். அப்படி ஓடும் குதிரை பத்து ஃபர்லாங் தாங்குமா என்ற கேள்வி நியாயமானதே. அதே ஜூனில் ராயல் ஆஸ்கட்டில் நடந்த செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் ஸ்டேக்ஸில் ஜாக்கி டாம் குவீலி, வேகம் காட்டும் துணைக்குதிரையைத் துரத்தி வெகு சீக்கிரம் கிளப்பிவிட்டார். கடைசியில் சோஃபனி நெருங்க, வெற்றி முக்கால் லெங்த்தாகச் சுருங்கியது. குதிரை தவறவில்லை, சவாரித் திட்டம் தவறியது. ஆனாலும் பெட்ரோலைத் தொடக்கத்திலேயே கொட்டிவிட்டால் மிச்சம் இருக்காது என்பதை அந்தப் பந்தயம் காட்டியது.

பயிற்சியாளர் ஹென்றி செசில் அடுத்த ஒரு வருடம் செய்தது பெரும்பாலும் இந்த ஒரே வேலைதான்: குதிரையை நிதானப்படுத்துவது. வேகத்தைப் பயிற்சியால் கூட்ட முடியாது. வேகத்தை எப்போது செலவழிப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கலாம். காலைப் பயிற்சியில் முன்னால் ஒரு குதிரையை விட்டு அதன் பின்னால் மூச்சை அடக்கி ஓடப் பழக்குவது, கடிவாளத்தோடு மல்லுக்கட்டாமல் தலையைத் தாழ்த்தி ஓடவைப்பது எனத் தினசரி சலிக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. பந்தயத்தில் அந்த முன்குதிரை வேலையைச் செய்தது புல்லட் டிரெய்ன். அதன் தாயும் கைண்ட்தான். தந்தை, கலிலியோவின் தந்தையான சாட்லர்ஸ் வெல்ஸ். அதாவது முக்கால் சகோதரன். 2010-ல் லிங்ஃபீல்டு டெர்பி டிரையலை, அதாவது பதினொன்றரை ஃபர்லாங் பந்தயத்தை வென்ற குதிரை அது. வேகக்காரியான கைண்டின் வயிற்றிலிருந்து தூரம் போகும் குட்டி வரும் என்பதற்கு அத்தாட்சி பல பந்தயங்களில் ஃபிராங்கலுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஏனோ அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

2012 பருவம் கிட்டத்தட்ட தொடங்காமலே போயிருக்கும். ஏப்ரலில் பயிற்சியின்போது தன் பின்னங்காலாலேயே முன்னங்காலை அடித்துக்கொண்டது. ஓய்வு அறிவிப்பு வந்துவிட்டது என்றே வதந்தி. ஸ்கேனில் தசைநார் நன்றாக இருந்ததால் மே 19 அன்று நியூபரி லாக்கிஞ் ஸ்டேக்ஸில் இறங்கி, எக்ஸலபரேஷனை ஐந்து லெங்த்தில் தோற்கடித்தது. ஜூனில் ராயல் ஆஸ்கட் குயின் ஆன் ஸ்டேக்ஸில் அதே குதிரை 11 லெங்த் பின்னால். அதற்குப் பிறகு, குதிரைகளுக்குத் தரம் போடும் டைம்ஃபார்ம் நிறுவனம் கொடுத்த 147 மதிப்பெண், 1965-ன் சீ-பேர்டு வைத்திருந்த 145-ஐ முந்தியது. ஆகஸ்ட் 1-ல் குட்வுட் சசெக்ஸ் ஸ்டேக்ஸ், ஆறு லெங்த். ஒரு மைலில் நிரூபிக்க இனி ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22 அன்று யார்க் இன்டர்நேஷனல், பத்து ஃபர்லாங்குக்குச் சற்று மேல். என் கணிப்பில் பண்ணையின் பார்வையில் மொத்த வாழ்க்கையிலும் முக்கியமான பந்தயம் இதுதான். மைல் வரை மட்டும் ஓடிய பொலிக்குதிரையிடம் வேகப் பெட்டைகளே அதிகம் வரும். டெர்பி, ஓக்ஸ் போன்ற நீண்ட தூரப் பந்தயங்களை நோக்கி வளர்க்கும் பண்ணைகள் தயங்கும். பத்து ஃபர்லாங்கும் ஜெயித்துவிட்டால் இரண்டு தரப்பும் கதவைத் தட்டும். யார்க்கில் ஃபிராங்கல் கடைசி வரிசையில் அமைதியாக வந்து, நேர்ப்பாதையில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடியே எல்லோரையும் தாண்டி, ஏழு லெங்த்தில் ஜெயித்தது. இரண்டாவது ஃபார், மூன்றாவது செயின்ட் நிக்கலஸ் அபே. ஒரு வருடம் முன்பு கினீஸில் பிய்த்துக்கொண்டு ஓடியது இதே குதிரைதானா என்று கேட்கத் தோன்றும் ஓட்டம்.

தரை

பிரிட்டனில் புல்தரையின் நிலையை ஏழு படிகளாகச் சொல்வார்கள்: ஹார்ட், ஃபர்ம், குட் டு ஃபர்ம், குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி. கெட்டியிலிருந்து சேறு வரை. கோடைப் பந்தயங்களுக்கு மைதான நிர்வாகிகள் குறிவைப்பது குட் டு ஃபர்ம். மழை இல்லையென்றால் தண்ணீர் பாய்ச்சி அங்கே கொண்டுவருவார்கள். தரையைச் சோதிப்பவர் கோயிங் ஸ்டிக் என்ற கருவியைப் பாதை நெடுகக் குத்திப் பார்ப்பார். குத்தும்போது எவ்வளவு எளிதாக இறங்குகிறது, பின் சாய்த்து இழுக்கும்போது வேர்மண் எவ்வளவு தடுக்கிறது என்று இரண்டு அளவு எடுத்து ஒரே எண்ணாக்கும். எண் கூடினால் கெட்டி. பிரான்சில் பெனட்ரோமீட்டர்: ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டு, எத்தனை ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அங்கே எண் கூடினால் ஈரம். இந்திய ரேஸ் கோர்ஸ்களில் பழகியவர்களுக்கு இந்தப் பெனட்ரோமீட்டர் எண்தான் தெரிந்தது. இரண்டு நாட்டு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. திசையே தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது.

சுமார் 500 கிலோ உடம்பு முழு ஓட்டத்தில் ஒரே குளம்பின் மேல் இறங்கும்போது அந்தக் காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை விழும். கெட்டித் தரையில் அந்த அதிர்ச்சி எலும்புக்கும் கணுக்கால் மூட்டுக்கும் போகிறது. கணைக்காலெலும்பு நோவு, மூட்டு வீக்கம் வருவது இதனால். ஈரத்தரையில் அதிர்ச்சி குறைவு, ஆனால் குளம்பு புதைந்து எழ வேண்டும், பின்கால் உதைக்கும் நேரத்தில் மண் நழுவுகிறது. ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வலு வீணாகிறது, தசைநார் அதிகமாக இழுபடுகிறது. அப்போதுதான் மழை பெய்து கஞ்சிபோல் இருக்கும் தரையைப் பல குதிரைகள் சமாளித்துவிடும். மழை விட்டு ஒரு நாள் காய்ந்து பசைபோல் பிடிக்கும் தரைதான் கொடுமை, குளம்பை விடாது. அறிவிப்பில் இரண்டுக்கும் 'சாஃப்ட்' என்றே பெயர் இருக்கும்.

ஒரு குதிரைக்கு எந்தத் தரை பிடிக்கும் என்று அறிய முதலில் நடையைப் பார்க்க வேண்டும். முழங்காலை உயரத் தூக்கி, வட்டமாகச் சுழற்றி வைக்கும் குதிரை சேற்றில் தப்பிக்கும். புல்லை உரசுவதுபோல் தாழ்வாக, நீளமாக எட்டுவைப்பது கெட்டித் தரையில் பறக்கும், சேற்றில் தடுமாறும். அகலமான தட்டைக் குளம்பு ஈரத்துக்கு ஆகும் என்பது லாயத்தில் சொல்லும் பழைய கணக்கு. பொய்யென்று சொல்ல முடியாது, முழுக்க நம்பவும் முடியாது. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ஈரத்தில் ஒரு முறை தோற்றதைப் பார்த்ததும் 'இதற்கு ஈரம் ஆகாது' என்று முத்திரை குத்துவது. அன்று எதிரி யார், தூரம் கூடியதா, நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓடியதா என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தரைமேல் பழிபோட வேண்டும்.

ஃபிராங்கலின் நடை நீளமான, தரையை அணைத்த நடை. கினீஸை வென்றது குட் டு ஃபர்மில். அதன் சிறிய வெற்றிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2010 ஆகஸ்ட் 13, நியூமார்க்கெட்டில் முதல் ஓட்டம், ஈரத்தரை, வெறும் அரை லெங்த். செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் முக்கால், அதன் காரணம் மேலே சொன்னது. கடைசி ஓட்டம், மீண்டும் ஈரத்தரை, ஒன்றேமுக்கால். ஈரம் அதைத் தோற்கடிக்கவில்லை. மற்ற குதிரைகளிடமிருந்து அதற்கு இருந்த இடைவெளியைத் தின்றது. ஆனால் முதல் ஓட்டத்தில் இரண்டாவது வந்தது நத்தானியல். பின்னால் 2011 கிங் ஜார்ஜையும் 2012 எக்லிப்ஸையும் வென்ற குதிரை. அன்று அது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த அரை லெங்த்தை முழுக்கத் தரையின் கணக்கில் எழுதுவது தப்பு.

விட்ட பந்தயங்கள்

யார்க்குக்குப் பிறகு எல்லோரும் கேட்டது ஆர்க் என்ற பந்தயம் பற்றி. பாரிஸ் லோங்ஷானில் அக்டோபர் முதல் ஞாயிறு, 2,400 மீட்டர். பத்து ஃபர்லாங்கில் நின்று ஜெயித்த குதிரைக்கு இன்னும் இரண்டு ஃபர்லாங் அதிகமில்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அது ஒரே நேரத்தில் இரண்டு பரிசோதனை: புதிய தூரம், அதோடு பாரிஸின் அக்டோபர்த் தரை. 2012 அக்டோபர் 7 அன்று நடந்ததைப் பாருங்கள். தரை ஊறிக் கிடந்தது. ஜப்பானின் ஆர்ஃபெவ்ர் நேர்ப்பாதையில் தனியாக முன்னேறி, கடைசி எட்டுகளில் சோர்ந்து, சொலேமியா என்ற பெட்டையிடம் ஒரு கழுத்தில் தோற்றது. ஜெயிக்க வேண்டிய குதிரை, அந்தத் தரையில் அந்தத் தூரத்தில் தோற்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆர்க்கை வென்றிருந்தால் பொலிக்கட்டணம் எவ்வளவு கூடியிருக்கும்? அதிகமில்லை. தோற்றிருந்தால் குறைந்திருக்கும். இப்படி ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த பேரத்தில் இறங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் பேச்சும் இதே கதிதான். நீண்ட விமானப் பயணம், இறுக்கமான வளைவுகள். மண்தரைப் பந்தயத்தில் இறக்கினால் முன்னால் ஓடும் குதிரை அடிக்கும் மண் முகத்தில் விழும். 2006-ல் 2000 கினீஸ் வென்ற ஜார்ஜ் வாஷிங்டனின் கதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பண்ணைக்குப் போனது, பெட்டைகளுக்குச் சரியாகச் சினை பிடிக்கவில்லை, மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2007 பிரீடர்ஸ் கப்பில், மான்மவுத் பார்க்கின் தண்ணீர் நின்ற மண்தரையில், காலுடைந்து செத்தது.

மிச்சம் இருந்தது ஆஸ்கட்டின் சாம்பியன் ஸ்டேக்ஸ், பத்து ஃபர்லாங், அக்டோபர் 20. சொந்த நாடு, தெரிந்த மைதானம், நிரூபித்த தூரம். ஒரே சிக்கல் தேதி. இந்தப் பந்தயம் நடக்கும் சாம்பியன்ஸ் டே 2011-ல்தான் உருவானது. சாம்பியன் ஸ்டேக்ஸ் அந்த வருடம்தான் நியூமார்க்கெட்டிலிருந்து ஆஸ்கட்டுக்கு வந்தது. இங்கிலாந்தில் அக்டோபர் பிற்பாதி என்றால் மழை. வெயில் குறைவதால் ஈரம் காய்வதும் இல்லை. ஆஸ்கட்டின் வட்டப்பாதை ஸ்வின்லி பாட்டம் என்ற பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது; தண்ணீர் அங்கே தேங்கும். இந்தத் தொல்லை முற்றிப்போய், 2019-ல் தடை தாண்டும் பந்தயத்துக்கான உள்பாதையில் சாம்பியன்ஸ் டேயை நடத்த வேண்டி வந்தது. 2012-ல் அந்த வழி இல்லை. தரை சாஃப்ட், சில இடங்களில் ஹெவி.

எதிரில் நின்றது சிர்ரஸ் தெ எக்ல். முந்தின வருடம் இதே பந்தயத்தை வென்ற பிரெஞ்சுக் குதிரை. சேறு என்றால் அதற்குப் பாயசம். இரண்டு வாரம் முன்பு லோங்ஷானில் பிரி டாலர் பந்தயத்தைத் தூள்பறத்தி ஜெயித்திருந்தது. மறுநாள் நடந்த ஆர்க்கில் அதை ஏன் ஓட்டவில்லை? காயடித்த குதிரை என்பதால். இனப்பெருக்கத்துக்கான தேர்வு என்ற எண்ணத்தில் உருவான பந்தயம் ஆர்க். காயடித்தவற்றுக்கு அங்கே அப்போது இடமில்லை. அன்று ஆஸ்கட்டில் நின்ற இரண்டில் ஒன்றுக்குத் தோற்றால் இழக்க ஒன்றுமே இல்லை, இன்னொன்றுக்கு எல்லாமே இருந்தது என்பது இதன் பொருள்.

கேட் திறந்ததும் ஃபிராங்கல் தாமதித்து, சில லெங்த் விட்டது. ஒலிவியே பெலியே சிர்ரஸை முன்னால் நடத்திக்கொண்டு போனார். சேற்றில் முன்னால் போகும் குதிரையைப் பிடிப்பது இரட்டை வேலை. குவீலி அவசரப்படவில்லை. வளைவு முடிவதற்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்து, நேர்ப்பாதையில் தாண்டினார். யார்க்கில் இருந்த அந்தத் திடீர்ப் பாய்ச்சல் இல்லை. தம்கட்டி இழுத்த வெற்றி. ஒன்றேமுக்கால் லெங்த், மூன்றாவது நத்தானியல். முதல் ஓட்டத்திலும் கடைசி ஓட்டத்திலும் அதே நத்தானியல், அதே மாதிரி ஈரம். எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இதை ஃபிராங்கலின் சுமாரான ஓட்டங்களில் சேர்ப்பார்கள். பிடிக்காத தரையில், தாமதமாகக் கிளம்பி, அந்தத் தரையின் ராஜாவை அதன் மைதானத்திலேயே தோற்கடித்ததை நான் அப்படிச் சேர்க்க மாட்டேன். ஆர்க்கை விட்டவர்கள் இங்கே துணிந்தது ஏன் என்றால், தெரியாதது இங்கே ஒன்றுதான் இருந்தது.

பண்ணைக்குள்

நியூமார்க்கெட் அருகே செவ்லி கிராமத்தில் ஃபிராங்கலின் உரிமையாளரின் ஜட்மான்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான பேன்ஸ்டட் மேனர் பண்ணை. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்துக்குச் செயற்கைக் கருவூட்டல் கிடையாது. அப்படிப் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள். எனவே ஒவ்வொரு பெட்டையும் நேரில் வந்தாக வேண்டும். பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கிக் கோடை வரை. சீக்கிரம் தொடங்கக் காரணம், வடக்கு நாடுகளில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாள். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். டிசம்பர் 30-ல் பிறந்துவிட்டால் இரண்டு நாளில் ஒரு வயது ஆகிவிடும். குதிரையின் மதிப்பே போச்சு.

முதல் வருடத்தில் பண்ணையின் முதல் கவலை வித்து, அதாவது குதிரையால் சினை பிடிக்கவைக்க முடியுமா என்பது. பருவத்துக்கு முன்பே தரோபிரெட் அல்லாத சில பெட்டைகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அவற்றுக்குச் சினை நின்றால் நிம்மதி. நிற்காவிட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசி. அல் கசீம் இதற்கு வேடிக்கையான உதாரணம். பல பெரிய பந்தயங்கள் வென்று 2014-ல் பண்ணைக்குப் போய், வித்துக் குறைவென்று திரும்பி வந்து, அதே இலையுதிர் காலத்தில் சாம்பியன் ஸ்டேக்ஸில் இரண்டாவது. அதைத் தோற்கடித்தது நோபிள் மிஷன், ஃபிராங்கலின் சொந்தத் தம்பி, அதே தாய் அதே தந்தை. அன்றும் ஆஸ்கட் சேறுதான். அண்ணன் திணறி வென்ற தரையில் தம்பி உற்சாகமாக ஓடியது. ஒரே ரத்தம் என்றால் ஒரே தரை என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வரும் பெட்டைக்கு முதலில் தொற்றுப் பரிசோதனை. கருப்பைத் தொற்று ஒன்று பொலிக்குதிரைக்கு ஒட்டினால் அந்தப் பருவமே முடங்கும். பெட்டைக்கு 21 நாள் சுழற்சி, அதில் ஐந்தாறு நாள்தான் பருவம். டாக்டர் ஸ்கேனில் முட்டைப்பையின் அளவைப் பார்த்து, உடையப்போகும் நேரத்துக்கு நாள் குறிப்பார். பெட்டை தயாரா என்று பார்க்க முதலில் விலை குறைந்த ஓர் ஆண்குதிரையைத்தான் கிட்டே கொண்டுபோவார்கள். உதைபடுவது அதன் பங்கு. சேர்த்த 14, 15-ம் நாள் ஸ்கேன். இரட்டைக் கரு இருந்தால் ஒன்றை அப்போதே நசுக்கிவிடுவார்கள், இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டும் கெடும். நான்காவது வாரம் இதயத்துடிப்பு பார்ப்பது. கட்டணம் பொதுவாக அக்டோபர் 1-ல். குட்டி உயிரோடு பிறக்காவிட்டால் திருப்பித் தரும் நிபந்தனை உண்டு.

1.25 லட்சம் அதிகம் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கட்டணத்தைவிட முக்கியம் எந்தப் பெட்டைகள் வருகின்றன என்பது. 2011 ஆர்க் வென்ற டேன்டிரீம், 2009 பிரெஞ்சு ஓக்ஸ் வென்ற ஸ்டாசெலீட்டா போன்றவை முதல் வருடத்திலேயே வந்தன. கட்டணம் உயர்வாக இருப்பதே ஒரு வடிகட்டி. சுமாரான பெட்டையை யாரும் அந்த விலைக்குக் கொண்டுவரமாட்டார்கள். பொலிக்குதிரைக்குச் சோதனைக்காலம் மூன்றாவது, நான்காவது வருடம். புதுமை தீர்ந்திருக்கும், குட்டிகள் இன்னும் ஓடியிருக்காது. பல குதிரைகளுக்குக் கட்டணத்தை இறக்குவது அப்போதுதான். ஃபிராங்கலுக்கு இறக்கவில்லை.

குட்டிகள் சொன்ன பதில்

முதல் குட்டி 2014 ஜனவரியில். குன்கோ என்ற அது 2016 மே மாதம் முதல் ஓட்டத்திலேயே ஜெயித்தது. அதே டிசம்பரில் ஸ்டாசெலீட்டாவின் மகள் சோல் ஸ்டிரிங் ஜப்பானில் ஃபிராங்கலின் குட்டிகளில் முதல் குரூப் 1, அதாவது உச்சத்தரப் பந்தய, வெற்றியைக் கொடுத்தது. அடுத்த வருடம் ஜப்பானிய ஓக்ஸ். ஜப்பானின் புல்தரை ஐரோப்பாவைவிடக் கெட்டி, வேகமானது. அங்கே மோசு ஆஸ்கட் 2018-ல் புல்தரையில் யசுதா கினென், 2020-ல் மண்தரையில் பிப்ரவரி ஸ்டேக்ஸ் என்று இரண்டிலும் ஜெயித்தது. 2022-ல் அல்பினிஸ்டா ஊறிப்போன லோங்ஷானில் ஆர்க்கை வென்றது. 2021-ல் அடையார் டெர்பியையும், ஹரிக்கேன் லேன் அயர்லாந்து டெர்பி, செயின்ட் லெஜர் இரண்டையும் வென்றபோது தூரக் கேள்வியும் முடிந்தது. அந்த வருடம் பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிக்குதிரை ஃபிராங்கல். அதற்கு முன் தொடர்ந்து 11 வருடம் அந்த இடத்தில் இருந்தது தந்தை கலிலியோ. கட்டணம் 2018-ல் 1.75 லட்சம், 2022-ல் 2 லட்சம், 2023-ல் 2.75 லட்சம், 2024-ல் 3.5 லட்சம்.

மகன் கிராக்ஸ்மனின் கதை இதற்கு மறுபக்கம். 2017, 2018 இரண்டு வருடமும் சாம்பியன் ஸ்டேக்ஸை ஈரத்தரையில் முறையே ஏழு, ஆறு லெங்த்தில் வென்றது. 2018-ன் உலகத் தரவரிசையில் 130 மதிப்பெண்ணோடு ஆஸ்திரேலியாவின் விங்க்ஸுடன் முதலிடம். ஆனால் அந்தக் கோடையில் கிங் ஜார்ஜ், யார்க் இன்டர்நேஷனல் இரண்டிலும் தரை கெட்டி என்று விலக்கிக்கொண்டார்கள். ஓட்டாதது சரியான முடிவு. கெட்டித்தரையில் ராயல் ஆஸ்கட்டில் இரண்டாவது வந்ததைப் பார்த்தார்கள். ஆனால் பண்ணைச் சந்தை அதை வேறுமாதிரிப் படித்தது: ஈரம் தேடும் குதிரை. பொலிக்கட்டணம் 25,000 பவுண்டு. உலக முதலிடத்துக்கு அந்த விலை. வாங்குபவருக்குக் குட்டி ஏப்ரலிலும் ஓட வேண்டும், ஆகஸ்டிலும் ஓட வேண்டும். மழைக்குக் காத்திருக்கும் குதிரையில் பணம் போட யோசிப்பார்கள்.

சந்தை முழுக்கச் சரியில்லை என்பதற்கு கிராக்ஸ்மனின் முதல் வருடக் குட்டி ஏஸ் இம்பாக்ட் சாட்சி. 2023-ல் பிரெஞ்சு டெர்பியும் ஆர்க்கும் வென்றது. அந்த ஆர்க்கில் தரை சேறில்லை. 2024-ல் பிரான்சின் அரா தெ போமோன் பண்ணையில் தொடங்கிய அதன் கட்டணம் 40,000 யூரோ, தந்தை தொடங்கியதைவிட அதிகம்.

இனி ஃபிராங்கலுக்கு இருக்கும் கட்டுப்பாடு தரையும் இல்லை, தூரமும் இல்லை, ரத்தம். தந்தை வழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய் வழியில் நான்காம் தலைமுறையிலும் நார்தர்ன் டான்சர் என்ற ஒரே மூதாதை இருக்கிறது. ஐரோப்பாவின் சிறந்த பெட்டைகளில் பல, கலிலியோவின் மகள்கள். அவற்றைக் கலிலியோவின் மகனோடு சேர்க்க முடியாது. டேன்ஹில் ரத்தம் திரும்பத் திரும்ப வரும் பெட்டைகளையும் யோசித்துத்தான் அனுப்ப வேண்டும். ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி வம்சப் பெட்டைகளுக்குப் பேன்ஸ்டட் மேனரில் மதிப்பு கூடுவது அதனால்தான்.